புயற்காலமும் வீட்டு ஜெனரேட்டரும்



2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததைப் போன்ற நிகழ்வுகள் செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் மீண்டும் நேர்ந்து மின்சாரம் தடைபடக்கூடும் என்பதால், வீட்டு ஜெனரேட்டர் வாங்குவோர் விலையை மட்டும் பாராமல் திறனையும் பாதுகாப்பையும் ஆராய வேண்டும். தண்ணீர் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், இயல்பாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தொடக்க மின்னோட்டம் எனப்படும் இதனைத் தாங்கும் கருவியே ஏற்றது. ஒரு நேரத்தில் மின்வாரிய இணைப்பு, ஜெனரேட்டர் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லையெனில், மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு ஜெனரேட்டர் புகையில் கலந்திருப்பதால், மழைக்கு அஞ்சிக் கருவியை வீட்டினுள் இயக்குவது அறவே கூடாது. இவற்றை விளக்கும் துண்டறிக்கையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கடலோர ஊர்களில் மின்வாரியம் வழங்க வேண்டும்.

— வாசகர், செங்கல்பட்டு