காதுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்டுங்கள்!

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று இரண்டு விதமான மொழிப் படிப்பு நடந்து வருகிறது.

ஒன்று, வசதி படைத்தவர்களின் படிப்பு. மார்கழி, தை மாதங்களில் கடல் கடந்து வந்து, வாடகை வீடுகளில் தங்குகிறவர்கள் நாலு வார்த்தை தமிழ் பேச ஆசைப்பட்டால், கையில் செல்போன் இருக்கிறது. அதிலே படம் அசைகிறது, பாட்டு ஒலிக்கிறது, தப்பாகச் சொன்னால் இயந்திரமே திருத்துகிறது. சிரித்துக்கொண்டே படிக்கிறார்கள். நல்லது. அதை நாம் குறை கூறவில்லை.

இன்னொன்று, உழைக்கும் மக்களின் படிப்பு. செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர், விடுதியில் அறை கூட்டித் துணி துவைக்கும் பெண், இளநீர் வெட்டுகிறவர், பூக் கட்டி விற்கும் பாட்டி ஆகிய இவர்களுக்குப் புத்தகமும் கிடையாது, உபாத்தியாயரும் கிடையாது. வருகிறவர்களின் வாயைப் பார்த்தே இங்கிலீஷ் பேசப் பழகிக்கொண்டார்கள். சமீப ஆண்டுகளில் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கிய பிறகு, கடைப் பலகைகளில் தெலுங்கு எழுத்து ஏறிவிட்டது. இவர்கள் நாக்கில் தெலுங்கும் ஏறிவிட்டது. ஆக, நாக்கிலே மூன்று பாஷை! ஆனால் இவர்களில் எத்தனையோ பேரிடம் கடன் பத்திரத்தை நீட்டினால், பெருவிரல்தான் முன்னே வருகிறது.

இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். நமது திருவண்ணாமலை மாவட்டத்தில் 74 பேர். பெண்களை மட்டும் தனியே எடுத்தால் 65 பேர்தான். மிச்சமுள்ளவர்கள் யார்? களை பறிக்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறவர்கள். படிக்கத் தெரியாததால் இவர்களுக்கு நேருவது வெறும் அவமானம் மட்டுமல்ல, பணநஷ்டம். முன்பணச் சீட்டில் என்ன தொகை எழுதியிருக்கிறது, குழுக் கடனுக்கு என்ன வட்டி போட்டிருக்கிறது, சம்பளச் சீட்டில் எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் எதிரில் நிற்பவன் படித்துச் சொன்னால்தான் தெரியும். எதிரில் நிற்பவனோ பெரும்பாலும் பணம் கொடுத்தவனாகவே இருக்கிறான்.

இது அறிவுக் குறைவா? இல்லவே இல்லை. வாத்தியார் இல்லாமல் மூன்று பாஷை பேசுகிறவருக்கா அறிவு குறைவு? அவருடைய காது படித்துவிட்டது, கண்தான் படிக்கவில்லை. காதுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு பாலம் போட வேண்டும். அந்தப் பாலத்தைப் போடப் பாட்டையும் படத்தையும்விடச் சிறந்த சாதனம் கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.

‘பாட்டும் படமும் விளையாட்டு, கஷ்டப்பட்டுப் படித்தால்தான் படிப்பு' என்று சிலர் கூறுகிறார்கள். இவர்கள் நமது சொந்தச் சரித்திரத்தையே மறந்துவிட்டார்கள். ஒளவையின் ஆத்திசூடி எதற்காக அகர வரிசையில் அமைந்தது? வாய் பாடும்போதே எழுத்து வரிசையும் மனதில் பதிய வேண்டும் என்பதற்காகத்தானே! ரமணாசிரமத்தில் பாடப்படும் அட்சரமணமாலையையே பாருங்கள். 108 கண்ணிகளும் எழுத்து வரிசையில் அமைந்தவை. ரமணர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், ஊருக்குள் பிட்சைக்குப் போகும் சாதுக்கள் பாடிக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது அது. அதன் பக்தியைப் பற்றி இங்கே பேச்சில்லை. எழுத்து வரிசையைப் பாட்டோடு சேர்த்துக் கட்டினால் ஏடில்லாமலே மனதில் நிற்கும் என்பது அன்றே தெரிந்த விஷயம். கவலை, ஏற்றம் இறைத்த நமது பாட்டன்மார்கள் எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டிலேயே எண்ணினார்கள். பாட்டு அவர்களுக்குக் கணக்கு நோட்டாகவும் இருந்தது.

மேலும், நாள் முழுதும் நடவு நட்டுவிட்டு, அல்லது இரவு ஷிப்டு முடித்துவிட்டு வருகிற மனிதனின் இமை தானாக மூடும். கரும்பலகையில் நூறு எழுத்தை எழுதிப்போட்டு, ‘மனப்பாடம் செய்' என்றால் அவன் மறுநாள் வரமாட்டான். வந்தால் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றால் வருவான். ஆகவே, உழைப்பாளியின் படிப்பில் இன்பம் என்பது ஆடம்பரம் அல்ல; அது அத்தியாவசியம்.

இது வெறும் யோசனை அல்ல. செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

1961இல் கியூபாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கையில் லாந்தர் விளக்கோடு கிராமங்களுக்குப் போனார்கள். ஒரே வருஷத்தில் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். நாற்பது வருஷம் கழித்து அதே நாட்டவர் லாந்தருக்குப் பதில் டெலிவிஷன் பெட்டியைக் கையில் எடுத்தார்கள். ‘என்னால் முடியும்' என்று அந்த முறைக்குப் பெயர். லியோனேலா ரெலிஸ் என்ற கல்வியாளர் அதை உருவாக்கினார். அதன் சூட்சுமம் எளிமையானது. எழுத்துத் தெரியாதவருக்கும் எண் தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணோடு சேர்த்துக் காட்டினார்கள். படத்திலே ஒரு வகுப்பு நடக்கும். அதிலே படிக்கிறவர்களும் நம்மைப்போல் தடுமாறுகிறவர்கள். பார்ப்பவருக்குக் கூச்சம் போய்விடும். இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெட்டியைத் தனியே விடவில்லை. பக்கத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி, கையைப் பிடித்து எழுதவைத்தார். 2003இல் வெனிசுலாவில் இதைப் பெரிய அளவில் நடத்தினார்கள். 2006இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசும் இதற்குக் கிடைத்தது.

நம் நாட்டில் இன்னும் மலிவான வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி என்ற ஆராய்ச்சியாளர் யோசித்தது. சினிமாப் பாட்டு ஒளிபரப்பாகும்போது, அந்தப் பாட்டின் சொற்களை அதே பாஷையில் திரையின் அடியில் காட்டுவது. பாடகர் பாடப்பாட அந்தந்தச் சொல் நிறம் மாறுவது. இவ்வளவுதான்! 1999இல் குஜராத் தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சியில் இதை ஆரம்பித்தார்கள். பார்ப்பவருக்குப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். கண் அதைப் பின்தொடர வேண்டியதுதான். தமிழ்நாட்டிலே நூறு சினிமாப் பாட்டுத் தெரியாத தொழிலாளி உண்டா? 2006லிருந்து சில ஆண்டுகள் மாநில சர்க்காரே வீடுவீடாகக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. பெட்டி குடிசைக்குள் வந்தாயிற்று, பாட்டும் வந்தாயிற்று, எழுத்துதான் வரவில்லை. அதைச் சேர்க்க ஆகும் செலவு, ஒரு விளம்பரப் படத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தூசு.

பெட்டி இல்லாத காலத்திலும் பாட்டு வேலை செய்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தெருநாடகத்தோடும் பாட்டோடும் கிராமங்களுக்குள் நுழைந்தது. புதுக்கோட்டையில் எழுத்தோடு கூடவே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அதற்கென்றே பாட்டும் இருந்தது. கல் உடைக்கும் கூலிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகை எடுக்கும் அளவுக்கு முன்னேறினார்கள். எழுத்து வந்தால் துணிவும் வரும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆனால், இயந்திரம் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் திரும்பவும் பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1ந் தேதி. இடையிலே பத்தொன்பது மாதம்! 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. செல்போனிலும் பாடம் நடந்தது. போனும், டேட்டாவுக்குப் பணமும், பக்கத்தில் உட்காரப் படித்த தாய் தகப்பனும் உள்ள வீட்டுப் பிள்ளை தப்பித்தது. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற வீட்டுப் பிள்ளை, தெரிந்த எழுத்தையும் மறந்தது. ஆடு மேய்க்கவும் பட்டறைக்கும் போன பிள்ளைகள் எத்தனையோ! சாதனம் ஒன்றுதான், அது ஒரு வீட்டுக்கு ஏணியாயிற்று, இன்னொரு வீட்டுக்குச் சுவராயிற்று.

அந்தச் சேதத்தைச் சீர்செய்ய வந்தது யார்? மனிதர்கள்தான். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை நேரங்களில் தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் பாட்டும் கதையுமாகப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தவர்கள் பெரும்பாலும் நம் தெருப் பெண்கள். அவர்களுக்குச் சர்க்கார் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. பெரியவர்களுக்காக மத்திய சர்க்கார் 2022இல் கொண்டுவந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமோ, கற்பிப்பவர்களின் தொண்டுள்ளத்தையே நம்பி நிற்கிறது. பெட்டி செய்கிற கம்பெனிக்குப் பணம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கிறவளுக்குப் பாராட்டு மட்டும் உண்டு! இது என்ன நியாயம்?

ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை, திருப்பூர் வட்டாரத்து ஆலைகளில் இன்று உங்கள் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். சுவரிலே ‘அபாயம்' என்று தமிழில் எழுதியிருப்பது அவருக்கு வெறும் கோடு. அவரோடு நாலு வார்த்தை பேச முடியாதவரை, அவருடைய கூலி என்ன என்பது உங்களுக்குத் தெரியாது; உங்களுடையது அவருக்குத் தெரியாது. இதனால் யாருக்கு லாபம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. வேலைத் தமிழைப் பத்து நிமிஷப் படமாக, பாட்டாக எடுத்துக் காண்பித்தால் ஒரு மாதத்தில் பேச வந்துவிடும். அதை நிர்வாகம் செய்யட்டும் என்று காத்திராமல் சங்கங்களே செய்யலாம்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் கூறுகிறோமா? அதுவும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் விடுதி ஊழியருக்கும் அது ஜீவனத்துக்கு வேண்டிய பாஷை. வாடகை, தூரம், சில்லறை, நேரம், உடல்நலம் பற்றிய பேச்சுக்களைப் படமாக்கிக் கற்பிக்கட்டும். ஆனால் தாய்மொழியில் எழுத்து வந்தவனுக்கு இரண்டாவது எழுத்து சுலபம். அடி படியை விட்டுவிட்டு மேல் படிக்குத் தாவக் கூடாது.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. படிப்பகத்திலோ சங்க அலுவலகத்திலோ இன்று மாலையே தொடங்கலாம். ஒரு செல்போன், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு, பழைய அட்டைப் பெட்டி போதும். பாட்டிலிருந்து எட்டுச் சொற்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதுங்கள். பாட்டைப் போட்டு, அந்தச் சொல் வரும்போது அந்த அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். மூன்று தடவை பாடியபின் பாட்டை நிறுத்துங்கள். அட்டைகளைக் கலைத்துப் போட்டு, ‘இது என்ன சொல்?' என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால், கைதட்டிப் பாடியதுதான் மிச்சம், எழுத்து வராது. சந்தோஷம் வாசற்படி; வீடு எழுத்து. சொல் தெரிந்த பிறகு எழுத்துகளைப் பிரித்துக் காட்டி, அதே எழுத்து சம்பளச் சீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடவையுங்கள்.

சர்க்காரிடம் நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: கல்வித் தொலைக்காட்சியிலும் தமிழ் டெலிவிஷன் நிலையங்களிலும் ஒளிபரப்பாகும் பாட்டுகளுக்குத் தமிழ் எழுத்து அடியில் ஓட வேண்டும்.

இரண்டு: பெரியவர்களுக்கான படப் பாடங்களை, கூலிச் சீட்டு, கடன் பத்திரம், பஸ் பலகை, மருந்துச் சீட்டு ஆகியவற்றை வைத்தே தயாரிக்க வேண்டும்.

மூன்று: பாடம் தனி ஆளின் போனில் மட்டும் இருந்தால் போதாது. பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் ஊர்ப் பொது இடத்திலும் பெட்டி வைத்து, வேலை முடிந்து வரும் நேரத்தில் நடத்த வேண்டும்.

நான்கு: பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் ஊர்க்காரருக்கு நியாயமான சம்பளம் தர வேண்டும்.

ரமணாசிரமத் தெருவில் தங்கியிருக்கும் சீமைக்காரர் தமிழைச் சிரித்துக்கொண்டே படிக்கிறார். அவருடைய அறையைக் கூட்டுகிற பெண் தன் சொந்தத் தமிழை அதேபோல் சிரித்துக்கொண்டே ஏன் படிக்கக் கூடாது? பாட்டு அவளுடையது, பாஷை அவளுடையது, இயந்திரத்தைச் செய்த உழைப்பும் அவளைப்போன்றவர்களுடையது. எழுத்து மட்டும் யாருடையதாகவோ இருக்க விடலாமா?