நோட்டீஸ் எங்கே? உத்தரவு எங்கே?



அனுமதியின்றிக் கட்டிய கட்டடத்தை இடிக்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லையா? இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. பல்லாண்டுகளாக நின்ற வீட்டின் விதிமீறல், அந்த வீட்டுப் பிள்ளை மீது போலீஸ் வழக்குப் போட்ட பிறகுதான் அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா? அதே தெருவில் அதே போல் நீட்டிக் கட்டிய மற்ற வீடுகள் ஏன் தெரிவதில்லை?

2022 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் கார்கோனில் ராமநவமி ஊர்வலக் கலவரம், அடுத்து புல்டோசர்! அதே மாதம் 20ஆம் தேதி டெல்லி ஜஹாங்கீர்புரியில், உச்சநீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் இடிப்பு தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் ஹரியானாவின் நூஹ்வில் இடிப்பு நடந்தபோது, பஞ்சாப் – ஹரியானா உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து தடுத்தது. சட்டம் ஒழுங்கு என்ற போர்வையில் ஒரு சமூகத்தின் கட்டடங்கள் மட்டும் இடிக்கப்படுகின்றனவா, இது இனச் சுத்திகரிப்பா என்று கேட்டது. அதிகாரிகளின் பதில் எங்கும் ஒன்றே: 'ஆக்கிரமிப்பு அகற்றம்'!

பிரயாக்ராஜில் 2021 மார்ச் 6ஆம் தேதி பதிவுத் தபால் கைக்கு வந்தது. 7ஆம் தேதி வீடுகள் தரைமட்டம். மேல்முறையீட்டுக்கு எங்கே நேரம்? 2025 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் இதை மனிதாபிமானமற்ற செயல் என்று கண்டித்து, வீட்டுக்காரர்கள் ஐவருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வளர்ச்சி ஆணையத்துக்கு உத்தரவிட்டது.

கலீஃபாவே கேட்டு நின்றார்!

மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்க அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர்கள் தர மறுத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) ஆள் அனுப்பி இடித்தார்களா? இல்லை. வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் போனது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. பணிந்தார்கள். பிறகு அப்பாஸ் (ரலி) தாமாகவே அந்த இடத்தை வழங்கினார்கள் என்கின்றன வரலாற்று நூல்கள். பள்ளிவாசலுக்காகக்கூட ஒருவர் வீட்டைப் பறிக்கக் கூடாது என்றால், பழிவாங்குவதற்காகப் பறிப்பதை என்னவென்பது?

கையில் கிடைத்த கேடயம்

2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் வர வேண்டும். பதில் சொல்லக் குறைந்தது 15 நாள் அவகாசம். நேரில் விசாரணை. இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்று காரணம் எழுதிய உத்தரவு. அதன் பிறகும் 15 நாள். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறிய அதிகாரி தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும்!

ஆனால் ஒன்றை மறவாதீர். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் கட்டியவற்றுக்கும் நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று வேறொரு வழக்கில், காலம் கடந்ததாலோ பணம் செலவழித்ததாலோ சட்டவிரோதக் கட்டடம் சட்டப்படியானதாகி விடாது என்றும் அதே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பொறுப்பு என்ன?

கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள் என்பது திருக்குர்ஆனின் மிக நீளமான வசனத்தின் (2:282) கட்டளை. அந்த வசனத்தை ஓதும் நாம், பிளான் அப்ரூவல் இல்லாமல் மாடி மேல் மாடி எழுப்புகிறோம். பள்ளிவாசலையும் மதரஸாவையும்கூட "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கட்டுகிறோம். வீட்டு வரி ரசீதைக் காட்டி இதுதான் அனுமதி என்கிறோம். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது! எதிரிக்கு நாமே ஏன் சாக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?

தமிழகத்தில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் இன்றே தொடங்கட்டும். பள்ளிவாசலின் பத்திரம், பட்டா, வரைபட அனுமதி ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். ஏழைகளின் வீட்டு ஆவணங்களைச் சரிபார்க்க வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே பேசி வையுங்கள். நோட்டீஸ் வந்தால் கிழிக்காதீர், ஒளிக்காதீர். வந்த தேதியைக் குறித்து, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

புல்டோசர் வாசலுக்கு வந்த பிறகு கோஷம் போட்டுப் பயனில்லை. "நோட்டீஸ் எங்கே? உத்தரவு எங்கே?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. "உன் அனுமதி எங்கே?" என்று அவன் திருப்பிக் கேட்டால் எடுத்துக் காட்ட நம் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!