அரிய வினாவும் ஆராயும் உள்ளமும்

கடினமான வினாவைக் கண்டதும் விடை நூலைப் புரட்டுதல் மாணவர் பலரிடம் காணப்படும் வழக்கம். அதனால் விடை கிடைத்துவிடுகிறது; அறிவு கிடைப்பதில்லை. இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க நாட்டுச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டில் பொதுவாக ஒரு பட்டம் பெற்ற பின்னரே சட்டக் கல்லூரியில் சேர இயலும். சேர விரும்புவோர்க்கென 1948ஆம் ஆண்டு முதல் இத்தேர்வு நடைபெற்று வருகிறது. வியப்பு யாதெனில், இதில் சட்ட அறிவைச் சோதிக்கும் வினா ஒன்றும் இல்லை. முறையாகச் சிந்திக்கும் ஆற்றலும், செறிந்த உரைநடையைப் படித்துப் பொருளுணரும் ஆற்றலுமே சோதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடங்கள். ஒவ்வொரு வினாவிற்கும் ஐந்து விடைகள். அவற்றுள் ஒன்றே பொருந்துவது. ஏனையவற்றுள் சில, பொருந்துவன போலத் தோன்றி மயக்குவன.

அவ்வினாக்கள் எத்தகையன? “குற்றம் புரிந்தவன் அஞ்சி ஓடுவான், இவன் ஓடினான், ஆகவே இவன் குற்றவாளி” என்னும் கூற்றைக் காண்க. மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது சரியெனவே தோன்றும். ஆனால், கூட்டத்தைக் கண்டு அஞ்சியும் ஒருவன் ஓடலாம். வண்டியைப் பிடிக்க விரைந்தும் ஓடலாம் அன்றோ? குற்றவாளிகள் எல்லாரும் ஓடுவர் என்பதனால், ஓடுவோர் எல்லாரும் குற்றவாளிகள் ஆகார்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் பிழை அன்று. சிலம்பைத் திருடியவன் கையில் சிலம்பு இருக்கும். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. ஆதலால் அவனே கள்வன் என்று முடிவு செய்யப்பட்டது. உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்று பாண்டியன் ஆராய்ந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. வழக்குரைக்கவும் தீர்ப்பளிக்கவும் வருவோரை இவ்வகை வினாக்களால் முன்கூட்டியே சோதிப்பது எவ்வளவு பொருத்தம்!

ஆகவே, இத்தேர்வுக்குப் பயில்வோர் தவறிய வினாவைப் பகையாகக் கருதுதல் கூடாது. விடை நூலை மூடிவைத்து, மறுநாள் நேரக் கட்டுப்பாடின்றி அவ்வினாவை மீண்டும் எதிர்கொள்ளல் வேண்டும். தேர்ந்த விடை ஏன் சரி என்பதோடு, ஏனைய நான்கும் ஏன் தவறு என்பதையும் தம் சொற்களில் கூற முயலல் வேண்டும். “தேர்வில் நேரமோ குறைவு, ஒரு வினாவிற்கு ஒரு நாளா?” எனச் சிலர் வினவுவர். விரைவு என்பது தெளிவின் பயன். தெளியாமல் விரைபவன் பிழையையே விரைவாகச் செய்வான்.

எனினும், கடுமை எல்லாம் நன்மை ஆகிவிடாது. இன்னார்க்கு அருகில் இன்னார் அமரலாகாது என்பன போன்ற விதிகளைத் தந்து, அமரும் வரிசையைக் காணச் செய்யும் புதிர்ப் பகுதி ஒன்று இத்தேர்வில் நெடுங்காலம் இருந்தது. அவற்றைப் படம் வரைந்தே பலரும் விடுவித்தனர். பார்வையற்றோர் என் செய்வர்? அவர்கள் தொடுத்த வழக்கு 2019ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது; 2024 ஆகஸ்டு முதல் அப்பகுதி நீக்கப்பட்டது. படம் வரைய இயலாதவர் சிந்திக்கவும் இயலாதவர் என்று கொள்வது, ஓடியவன் எல்லாம் குற்றவாளி என்பதை ஒத்த பிழையே. தேர்வில் இருந்த பிழையைத் தேர்வெழுத வந்தோரே எடுத்துக்காட்டித் திருத்தியது போற்றத்தக்கது. வினாவின் கடுமை சிந்தனைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். உடற்குறையைத் தண்டிப்பதாக இருத்தல் கூடாது.

சட்டம் பயில்வோர் சிலரே. பிறரைப் பற்றி முடிவு செய்வோரோ எல்லாரும். காணாமற்போன எழுதுகோலுக்காக அருகிருக்கும் தோழனை ஐயுறும் மாணவனும் ஒரு நீதிபதியே. “இதற்கு வேறு காரணம் இருக்கக்கூடுமோ?” என்று ஒரு கணம் தன்னையே அவன் வினவுவானாயின், அரிய வினாக்களோடு போராடிய பொழுது வீண் போகவில்லை என்று கூறலாம்.