சுண்ணாம்பு பூசிய முகப்புகள்



கடந்த ஞாயிறு மாலை இப்பக்கத்தில் நான்கு வரிகளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். மும்பையில் முகப்புக்குப் புது வர்ணம் பூசப்பட்டு, "பழைய சுவிஸ் கைக்கடிகாரம், அசல் நிலையில்" என்று இணையத்தில் விற்கப்படுபவற்றை வாங்காதீர்கள் என்பதே அதன் சாரம். வந்த மறுமொழிகளுள் பாதி என்னைக் கண்டிப்பவை. முப்பது யூரோப் பொருளுக்கு இவ்வளவு கோபமா என்றார் ஒருவர். குருவானவருக்குக் கடிகாரத்தில் என்ன வேலை என்றார் இன்னொருவர். (பத்து மணிப் பூசைக்குப் பத்தரைக்கு வருகிற மக்களின் குருவுக்குக் கடிகாரத்தைவிட வேறு என்ன ஆறுதல் உண்டு?) மூன்றாமவர் கேட்டதுதான் தைத்தது: "அந்தோனியார் சுரூபத்துக்குத் திருவிழாத்தோறும் வர்ணம் அடிக்கிறோமே பாதர், அது மட்டும் பொய்யில்லையா?"

நான்கு வரிகள் போதவில்லை என்று தெரிகிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், 1980களின் இறுதியில் இங்கு வந்தவர். பெயர் வேண்டாம், எழுத மட்டும் இசைவு தந்திருக்கிறார். உணவகச் சமையலறை ஒன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இன்றும் ஒரு சமையலறையிலேயே நிற்கிறார். அவருடைய தகப்பனார் ஊரில் ஒரு ஃபேவர் லூபா கட்டியிருந்தாராம். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் பயண முகவருக்குக் கொடுத்த பணத்தில் அந்த மணிக்கூட்டின் விலையும் சேர்ந்திருந்தது. நான்கு ஆண்டுகளாக இவர் பழைய கைக்கடிகாரங்களைச் சேர்த்து வருகிறார். முப்பத்திரண்டு ஆகிவிட்டன. ஒன்று சராசரியாக 35 யூரோ, மொத்தம் 1,120 யூரோ. மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது எண்ணம்.

என் குறிப்பைப் படித்துவிட்டுச் செவ்வாய் இரவு அவற்றையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுக்கொண்டு வந்தார். அறைவீட்டு மேசையில் துவாய் விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இரண்டு மணி நேரம் இருவரும் குனிந்திருந்தோம். தொழிற்சாலையில் வைத்த முகப்போடு இருந்தவை நான்கு. மீதி இருபத்தெட்டும் பூசப்பட்டவை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூத்தவனிட்டச் சொல்லிப்போடாதேங்கோ பாதர்" என்றார்.

முப்பது யூரோவுக்கு ஏன் இந்தக் கோபம் என்று கேட்டவருக்கு என் மறுமொழி அந்த வசனம்தான். இந்நாட்டின் அடிப்படைக் கூலியில் முப்பது யூரோ என்பது ஏறத்தாழ மூன்று மணி நேரப் பாத்திரம் கழுவல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிகாரங்கள் எங்கிருந்து வருகின்றன? சுவிஸ் நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாயில் கடை விரித்தவை. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் முதலிய பெயர்கள் நம் பாட்டன்மாருக்கும் பழக்கமானவை. சுதந்திர இந்தியா 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து, பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா என்று வந்த அவற்றுக்குக் காலையில் ஒருமுறை சாவி கொடுத்தால் அன்றைய பொழுது ஓடிவிடும். 1980களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் ஒசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் புறப்பட்டதும், சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மேசை இழுப்பறைகளுக்குள் ஒதுங்கின. எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. இழுப்பறையில் கிடந்தவை பழைய இரும்புக் கடைகளுக்குப் போயின. அங்கிருந்துதான் இந்த வாணிபம் தொடங்குகிறது.

ஈரத்தில் கறுத்த முகப்பைச் சுரண்டி, புது வர்ணம் பூசி, நிறுவனத்தின் பெயரை மீண்டும் அச்சிடுகிறார்கள். ஒன்றின் கூடு, இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவதன் முட்கள். செம்மஞ்சள், மயில்நீலம் என்று எந்தத் தொழிற்சாலையும் கனவிலும் காணாத நிறங்கள். சிலவற்றில் படைச் சின்னம்கூட உண்டு; அந்தப் படை அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததேயில்லை.

கண்டுபிடிப்பது கடினமன்று. எழுத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். தொழிற்சாலை அச்சு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். பூசியவன் அச்சு ஓரத்தில் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக விழாமல் விலகியிருக்கும். ஆறு மணிக்குக் கீழே இருக்கவேண்டிய "சுவிஸ்" என்ற நுண்ணெழுத்து காணாமற்போயிருக்கும், அல்லது சரிந்திருக்கும். அறுபது ஆண்டு பழகிய கூட்டின்மேல் ஒரு கீறலும் இல்லாத முகப்பு இருந்தால் அங்கேயே நில்லுங்கள். வளைகுடாவுக்குப் போய்வந்தோர் நம் ஊருக்குக் கொண்டுவந்த சீக்கோ ஃபைவ் என்றால் இன்னும் எளிது. பின்மூடியிலுள்ள நான்கு இலக்க இயந்திர எண்ணே, முகப்பின் அடியோரத்தில் எறும்பெழுத்தில் வரும் குறியீட்டின் தொடக்கத்திலும் பொதுவாக இருக்கும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். இயந்திரத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இனி அந்தோனியாருக்கு வருவோம். சுரூபத்துக்கு வர்ணம் பூசுகிறோம், ஒளித்துப் பூசுவதில்லை. யார் பூசினார், எந்தக் குடும்பத்தின் உபயம் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. இந்த நீலம் நூறு ஆண்டுக்கு முந்தியது என்று சொல்லி எவரும் உண்டியல் குலுக்குவதில்லை. கடிகாரத்துக்கும் அப்படியே. "முகப்பு புதிதாகப் பூசப்பட்டது" என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதட்டும். நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். தன் தகப்பனின் கடிகாரத்தை ஒருவர் தன் கைப்பணத்தில் பூசிக் கட்டிக்கொண்டாலும் அது அவர் உரிமை. எனக்கு உவப்பில்லை, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு வரியை எழுதினால் விலை பாதியாகும் என்பது விற்பவருக்குத் தெரியும். வெளியே வெள்ளையும் உள்ளே வேறுமாய் இருந்த கல்லறைகளை ஆண்டவர் யாருக்கு உவமையாக்கினார் என்பதை மத்தேயு இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் நீங்களே பாருங்கள்.

"ஏழைத் தொழிலாளி பிழைக்கிறான், அவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்றும் ஒரு சகோதரி எழுதியிருந்தார். நல்ல மனத்திலிருந்து வந்த கேள்வி; ஆகவே விவரமாகச் சொல்கிறேன். 1960கள் வரையிலான பல கடிகாரங்களில், இருளில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு இட்டார்கள். ஒளி அணைந்துவிட்டாலும் ரேடியம் அணையவில்லை. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அந்தப் பூச்சைத் தூரிகையால் இட்ட இளம்பெண்கள், தாடையெலும்பு அழுகி மாண்டார்கள். அத்தகைய முகப்பைச் சுரண்டும்போது எழும் தூசி யாருடைய நெஞ்சுக்குள் போகிறது? நாம் மலிவாய்க் கேட்கக் கேட்க அவர் சுரண்டிக்கொண்டேயிருக்க வேண்டும். நீங்களும் அவ்வகைக் கடிகாரத்தை வீட்டில் திறந்து நோண்டாதீர்கள்.

இவையெல்லாம் விற்பவரைப் பற்றியவை. என் மனத்தாங்கல் வாங்குகிற நம்மோடுதான்.

நாம் ஏன் இதற்கு இவ்வளவு எளிதில் அகப்படுகிறோம்? லாச்சப்பல் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். ஃபோபூர் சேன்-தெனித் தெருவின் கண்ணாடிப் பெட்டிகளில் மின்னுவதெல்லாம் புதிது. வந்த நாளிலிருந்து நாம் வறுமையின் தடயத்தைத் துடைத்துத் துடைத்தே வாழ்ந்தவர்கள். அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்போது, இழந்தது எதையாவது திரும்ப வாங்கலாம் என்ற நிலை வந்ததும், இழந்தது இழந்தபடியே வரக்கூடாது, பளபளவென்று வரவேண்டும் என்று கேட்கிறோம். தகப்பன் கட்டிய மணிக்கூட்டின் முகப்பில் வியர்வையின் கறை இருந்திருக்கும். கண்ணாடியில் கீறல் இருந்திருக்கும். அந்தக் கறையை அருவருத்துவிட்டு, தகப்பனை நினைக்கிறேன் என்று சொல்வது எப்படி? உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியது தழும்பைத்தான். மகிமையடைந்த உடலிலும் ஆணிக்காயம் அழிக்கப்படாமலே இருந்தது.

"அப்படியானால் எதை வாங்குவது?" நியாயமான கேள்வி. பழைய கைக்கடிகாரம் சேர்ப்பது பாவமன்று. என்னிடமே ஐந்து இருக்கின்றன. ஐந்தாவதைப் பற்றிச் சொல்கிறேன்.

கார் து நோர்டில் நான்காம் இலக்க மெத்ரோவில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் போர்த் து கிளினியான்கூர். அங்கிருந்து நடந்தால் சேன்-துவான் பழம்பொருட் சந்தை. அங்கே நாற்பது யூரோவுக்கு ஒரு லிப் வாங்கினேன். முகப்பு தேநீர் சிந்தியதுபோல் பழுப்பேறி, ஒன்பது மணிக்கருகில் ஒரு புள்ளி. எவரும் தொடாத முகப்பு.

லிப் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. இம்மானுவேல் லிப்மான் 1867இல் பெசான்சோன் நகரில் தொடங்கிய பட்டறை, பின்னர் பிரான்சின் பெரும் கடிகார நிறுவனமாயிற்று. 1973 ஜூன் 12 அன்று, நிர்வாகிகளின் பையிலிருந்த தாள்களில் 480 பேரை வெளியேற்றும் திட்டத்தைத் தொழிலாளர் கண்டெடுத்தனர். அன்றிரவே கடிகாரங்களைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துப் போய் மறைத்தார்கள். பிறகு தாங்களே செய்தார்கள், தாங்களே விற்றார்கள், தங்கள் கூலியைத் தாங்களே பங்கிட்டார்கள். ஆகஸ்ட் 14இல் காவற்படை தொழிற்சாலைக்குள் புகுந்தது. செப்டெம்பர் 29இல் பெசான்சோன் வீதிகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நடந்தார்கள். முன்னின்ற ஷார்ல் பியாஜே கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தவர். 2023 நவம்பரில் இறைவனடி சேர்ந்தார். அங்கேயே தொழிலாளியாய் உழைத்து அவர்களோடு நின்ற ழான் ராகெனேஸ், தொமினிக்கன் சபைக் குரு. கடிகாரத்தில் குருவுக்கு என்ன வேலை என்று கேட்டவர் இவரைப் பற்றித் தேடிப் படிக்கட்டும்.

என் லிப் அந்தக் கோடையில் செய்யப்பட்டதா? தெரியாது, அப்படிச் சொல்லிச் சான்றில்லாமல் கூடுதல் விலை கேட்பவரையும் நம்பாதீர்கள். ஆனால் அந்தப் பழுப்பின் கீழுள்ள எழுத்தை அச்சிட்ட கை பெசான்சோனில் உழைத்த ஒரு கை. அதைச் சுரண்ட எனக்கு மனமில்லை.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய சாவிக் கடிகாரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயிட, பாரிஸில் கேட்கும் கூலி பெரும்பாலும் கடிகாரத்தின் விலையை விஞ்சும். மலிவு என்று முப்பது வாங்குகிறவர் முப்பதையும் பராமரிக்க முடியாது; அவை ஒவ்வொன்றாய் நின்றுபோகும். இரண்டு வாங்கி, இரண்டையும் ஓடவிடுங்கள். மின்கலத்தில் ஓடிய பழைய லிப்களைத் தவிருங்கள், சீர்செய்வோர் அரிது. எதையும் கையோடு கட்டிக்கொண்டு மழையில் நனையாதீர்கள்.

நம் சகோதரரின் தகரத்தில் தப்பிய நான்கில் ஒன்று எச்.எம்.டி. ஜனதா. முகப்பில் கறை, கண்ணாடியில் வெடிப்பு. அசிங்கம் என்று விற்றவரே 18 யூரோவுக்குத் தள்ளிவிட்டது. சேர்த்தவற்றுள் மிக மலிவானதும் அதுதான். அதைப் பூசக் கொடுக்கவென்று இவர் எடுத்துவைத்திருந்தார். சாவி கொடுத்தோம், ஓடியது.

நேற்று அழைத்தார். மூத்தவனிடம் தானே சொல்லிவிட்டாராம். மகன் சிரிக்கவில்லை, எந்த மணிக்கூடு அப்பப்பாவினதைப் போன்றது என்று மட்டும் கேட்டானாம்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் மேசை போடுகிறோம். அவர் முப்பத்திரண்டையும் கொண்டுவருவார். பூசப்பட்ட இருபத்தெட்டின் பக்கத்திலும் "முகப்பு புதிது" என்று சிறு துண்டு எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் இருப்பவற்றையும் கொண்டுவாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பூசை பத்து மணிக்கு.