தீர்ப்பு முந்தினால் நீதி பிந்தும்

மனிதன் வழக்கை ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுகிறான் என்பது பொது நம்பிக்கை. உண்மையோ வேறு. உள்ளம் நொடிப்பொழுதில் தீர்ப்பை எழுதிவிடுகிறது. அறிவு பின்னால் வந்து அதற்கு நியாயம் தேடுகிறது. நமது அறிவு நீதிபதியைப் போன்றதன்று, கட்சிக்காரனுக்காக வாதாடும் வழக்கறிஞரைப் போன்றது என அமெரிக்க உளவியலறிஞர் ஜொனதன் ஹைட் 2001 ஆம் ஆண்டில் எழுதினார். வழக்கறிஞராகிய நமக்கு இது கசப்பான உவமைதான். ஆயினும் மறுக்க முடியவில்லை.

1983 ஜூலையை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். அதற்காகக் கொழும்பில் கடை வைத்திருந்தவனும் கந்தோரில் கணக்கெழுதியவனும் குற்றவாளிகளாயினர். விசாரணை நடந்ததா? சாட்சி இருந்ததா? தமிழன் என்ற பெயரொன்றே சாட்சியாயிற்று!

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. மாண்டவருள் தமிழர் பலர். கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள மட்டக்குளியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராய் வாழ்கின்றனர். கொலைகாரர்மீது எழுந்த சினம் நியாயமானதே. ஆனால், அயல்வீட்டு முஸ்லிமைக் கண்டவுடன் உள்ளத்தில் எழும் ஐயத்துக்குச் சான்று யாது? 1983 இல் நமக்கெதிராகக் காட்டப்பட்ட அதே சான்று: பெயர்!

அடுத்த மாதமே குருநாகல் முஸ்லிம் மருத்துவர் ஒருவர், தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாரென்ற பழி எழுந்த வேளையில் கைதானார். சான்றில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. அதற்கு முன்னரே ஊர் தீர்ப்பளித்துவிட்டது.

இந்த அவசரத்தைத் தடுக்கவே சட்டத்தில் அணைகள் கட்டப்பட்டன. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாதென்பது 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த அணையை உடைத்தது. வெள்ளத்தில் அகப்பட்டோர் பெரும்பாலும் நம் இளைஞர். 2019 க்குப் பின் முஸ்லிம் இளைஞரும் அகப்பட்டனர்.

ஒரு கதிர் பதரானதற்காக வயலையே கொளுத்தும் உழவன் உண்டா? உள்ளத்தில் முதலில் எழும் தீர்ப்பைத் தடுக்க நம்மால் இயலாது. அதை நிறைவேற்றாது நிறுத்தி வைக்க இயலும். நமக்கு மறுக்கப்பட்ட விசாரணையை அயலவனுக்கு நாம் மறுப்போமாயின், நீதி கேட்கும் நம் குரலுக்கு வலிமை ஏது?