உயிரணுவின் அபாய மணியை அடக்கலாமா?

முதுமையைத் தள்ளிப்போடும், உடலுக்கு உரமூட்டும் என்னும் விளம்பரங்களோடு விற்கப்படும் ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ மாத்திரைகள் இன்று நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. வீடுவீடாகச் செல்லும் சுகாதார ஊழியரிடம், “இதை வாங்கிச் சாப்பிடலாமா?” என்று மக்கள் கேட்பதுண்டு. “வைட்டமின்தானே, தீங்கு என்ன?” என்று விடையளிப்பது எளிது. அவ்விடை சரியானதன்று.

இம்மாத்திரைகளுக்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு. உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும்போது வினைத்திறன் மிக்க துணுக்குகள் தோன்றுகின்றன. அவை அணுவின் உறுப்புகளைச் சிறிது சிறிதாகச் சிதைப்பதே முதுமைக்குக் காரணம் என அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன் 1956-ஆம் ஆண்டில் எழுதினார். துணுக்குகளே கேடு செய்கின்றன எனில், அவற்றை அழிக்கும் பொருளை உட்கொண்டால் போதுமன்றோ? வாதம் நேரானது, கேட்போர் மனத்தில் உடனே பதியக்கூடியது. ஆனால் உயிரணு ஒன்றும் செய்யாது கிடக்கும் களிமண் உருண்டையன்று. தனக்கு நேரும் நெருக்கடியை அது உணர்கிறது. உணர்ந்து தன்னைக் காத்துக்கொள்கிறது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்டிரெஸ்’ எனப்படுவதை ‘அழுத்தம்’ என்று பெயர்த்தால், படிப்பவர் மனக்கவலையையோ இரத்த அழுத்தத்தையோ எண்ணிக்கொள்கிறார். உயிரணுவுக்குக் கவலை ஏது? வெப்ப மிகுதி, எரிபொருள் குறைவு, மேற்கூறிய துணுக்குகளின் பெருக்கம், புரதங்கள் ஒழுங்காக மடியாமை ஆகியவையே அதன் ‘ஸ்டிரெஸ்’. ஆதலின் ‘நெருக்கடி’ என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

முட்டையின் வெண்கரு வெந்நீரில் இறுகுவதை எந்த வகுப்பிலும் காட்டலாம். மடிந்து உருக்கொண்டிருந்த புரதங்கள் வெப்பத்தால் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அது. உடலின் அணுக்களில் அவ்வளவு வெப்பம் வேண்டியதில்லை. வழக்கத்தினும் சில டிகிரி ஏறினாலே சில புரதங்கள் குலையத் தொடங்குகின்றன. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா, சற்று மிகுந்த வெப்பத்துக்கு உள்ளான பழ ஈக்களின் குரோமோசோம்களில் சில இடங்கள் புதிதாகப் பருத்தெழுவதைக் கண்டு 1962-ஆம் ஆண்டில் வெளியிட்டார். குலைந்த புரதங்களைச் சீர்செய்யும் துணைப் புரதங்களின் மரபணுக்கள் அவ்விடங்களில் இயங்குகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவற்றை இயக்குவது ‘எச்.எஸ்.எஃப்-1’ என்னும் புரதம். அமைதிக் காலத்தில் துணைப் புரதங்கள் இதனைப் பிடித்து வைத்திருக்கின்றன. குலைந்த புரதங்களைக் கவனிக்க அவை சென்றதும், இது விடுபட்டு மரபணுக்களைத் தூண்டுகிறது. காவலர் வேறு வேலைக்குப் போனதே அபாய அறிவிப்பாக அமையும் இவ்வேற்பாடு வியக்கத்தக்கது.

பிராணவாயுத் துணுக்குகளை உணர்வதற்கு ‘கீப்-1’ என்னும் புரதம் இருக்கிறது. அதிலுள்ள கந்தகப் பகுதிகளைத் துணுக்குகள் தாக்கியவுடன், அது பிடித்திருந்த ‘நர்ஃப்-2’ என்னும் புரதம் அழிவிலிருந்து தப்பி, அணுக்கருவினுள் சென்று காப்புப் பொருள்களை உண்டாக்கச் செய்கிறது. எரிபொருள் குறைவை உணர்வது ‘ஏ.எம்.பி.கே.’. தசைகள் உழைக்கும்போது இது விழித்தெழுந்து, சர்க்கரையை அணுவினுள் இழுக்கவும் கொழுப்பை எரிக்கவும் ஏவுகிறது.

இனி மாத்திரையின் கதைக்குத் திரும்பலாம். ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவும் அவர்தம் குழுவினரும் இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்வித்து, அவர்களுள் ஒரு சாராருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தனர். 2009-ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. மாத்திரை உண்ணாதோரின் உடலில் இன்சுலின் நன்கு வேலை செய்யலாயிற்று. உடலின் சொந்தக் காப்புப் புரதங்களும் பெருகின. மாத்திரை உண்டோர் அதே உழைப்பை உழைத்தும் அப்பயனைப் பெறவில்லை. பயிற்சியின்போது எழுந்த துணுக்குகளே அபாய மணியை அடித்தவை. மாத்திரை அம்மணியின் நாவைக் கட்டிவிட்டது. பின்னர் நடந்த வேறு ஆய்வுகளில் இன்சுலின் பற்றிய முடிவு எங்கும் ஒரே விதமாக வரவில்லை என்பதையும் மறைத்தலாகாது. எனினும் இம்மாத்திரைகளால் பயிற்சியின் பயன் கூடும் என்னும் நம்பிக்கைக்கு அவற்றிலும் ஆதரவு கிட்டவில்லை.

பெருந்தொகையான மக்களிடம் நடந்த சோதனை இன்னும் கடுமையான பாடத்தைக் கற்பித்தது. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியாயிற்று. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் மிகுந்தது. “தீங்கு என்ன?” என்னும் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

இதனால் நெருக்கடி யாவும் நன்மையே என்று கொள்வது மற்றொரு பிழையாகும். ஓய்வின்றி ஒலிக்கும் மணியும் கேடே. ஏற்றுமதிக்குரிய புரதங்கள் மடிக்கப்படும் அறை ஒன்று அணுவினுள் உண்டு. இன்சுலினும் அங்கேயே உருப்பெறுகிறது. அங்கு வேலை தேங்கினால் ‘ஐ.ஆர்.இ-1’ என்னும் புரதம் உணர்கிறது. மிகையாக உண்டு பருத்த எலிகளின் ஈரலிலும் கொழுப்புத் திசுவிலும் இவ்வறிவிப்பு இடைவிடாது எழுவதையும், அது இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும் கோகான் ஹோட்டாமிஸ்லிகில் குழுவினர் 2004-ல் காட்டினர். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவு பெற்ற ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உள்ளோர் சுமார் 10 கோடி என மதிப்பிட்டிருக்கிறது. நாள் முழுதும் உட்கார்ந்து, இடையறாது தின்பதால் உண்டாகும் நெருக்கடிக்கு முடிவே இல்லை; ஒரு மணி நேர நடையின் நெருக்கடியோ நடை முடிந்ததும் தணிந்துவிடுகிறது.

முதுமையைப் பற்றியும் ஒரு சொல். மண்ணில் வாழும் சிறு உருளைப்புழுக்களில், இளமையில் சிறிது நேரம் வெப்பம் ஊட்டினால் ஆயுள் நீள்கிறது. முட்டையிடும் பருவம் தொடங்கியதும், வெப்பத்தை உணர்ந்து எதிர்க்கும் அவற்றின் திறன் விரைவில் மங்கிவிடுகிறது. மூப்பு என்பது சிதைவு மட்டுமன்று, சிதைவை உணரும் ஆற்றலின் தளர்ச்சியுமாம் என்று கருத இது இடந்தருகிறது. புழுவைக் கொண்டு மனிதனின் ஆயுளைக் கணிப்பது மட்டும் கூடாது.

ஆகவே மக்களிடம் பேசுவோர் இரண்டு இடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சிறிது நெருக்கடி உடலுக்கு நன்று என்னும் செய்தியை, நடைக்கு வழியின்றி நாற்காலியில் அமர்ந்திருப்போரிடம் கூறலாம். சித்திரை வெயிலில் அரைவயிற்றோடு களையெடுக்கும் தொழிலாளியிடம் கூறுவது பேதைமை, கொடுமையுங்கூட. அவருக்கு வேண்டியது நிழலும் நீரும் போதிய உணவும் ஓய்வுமே. மற்றொன்று, இங்குக் கூறியவை யாவும் குறைபாடில்லாதோர் தாமாக வாங்கியுண்ணும் மாத்திரைகளைப் பற்றியவை. குழந்தைகளுக்குத் தரப்படும் வைட்டமின் ஏ மருந்தும், கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளும் இவற்றோடு சேர்த்தெண்ணத் தக்கவை அல்ல. ஊழியர்கள் அவற்றை முன்போலவே தவறாது கொடுத்துவருதல் வேண்டும்.