எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? அனுமந்தை பக்கம் உயிரைக் காக்கும் கேள்வி!

பக்கத்திலேயே ஆஸ்பத்திரிகள் - தகவலுக்குத்தான் பஞ்சம்

நடு ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலி. வீட்டில் அழுகைச் சத்தம். அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள்.

"மரக்காணம் கொண்டு போங்க" என்கிறார் ஒருவர். "வேணாம்பா, நேரா ஜிப்மருக்கு விடு" என்கிறார் இன்னொருவர். "திண்டிவனம் போயிடலாம்" என்று மூன்றாவது குரல்.

பேச்சு முடிவதற்குள் அரை மணி நேரம் போய் விடுகிறது. அந்த அரை மணி நேரத்தில்தான் உயிர் இருக்கிறது.

அனுமந்தை, சென்னை-புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே உள்ள ஊர். சுங்கச்சாவடியால் பஸ் பயணிகளுக்குப் பெயர் தெரிந்த ஊர். உப்பளமும் மீன்பிடிப்பும் இந்தக் கரையின் பிழைப்பு. விழுப்புரம் மாவட்டம். ஆனால் தெற்கே கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு. அது புதுச்சேரி ஆட்சி.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமா என்றால், இல்லை. வடக்கே மரக்காணத்திலும், மேற்கே திண்டிவனத்திலும் அரசு ஆஸ்பத்திரி. தெற்கே புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர். விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. நான்கு திசை தெரியும். எதற்கு எந்தத் திசை என்பதுதான் தெரியாது.

14 உயிர்கள்

இது சும்மா சொல்லும் பேச்சல்ல. 2023 மே மாதம் இதே கரையில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர். அது சாராயமே அல்ல, தொழிற்சாலைக்குரிய மெத்தனால் என்று அன்றைய டி.ஜி.பி. அறிவித்தார். புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஆட்களைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள்.

மெத்தனால் ஒரு மோசக்கார விஷம். குடித்த உடனே காட்டிக் கொடுக்காது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தலைவலி, வாந்தி, வயிற்று வலி, பிறகு கண் மங்கல். "ராத்திரி குடிச்சது, தூங்கினா சரியாயிடும்" என்று படுக்கப் போட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

இதற்கு முறிவு மருந்தும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிசும் வேண்டும். அது ஊர் கிளினிக்கில் கிடையாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். "என்ன குடித்தார்" என்பதைப் போலீசுக்குப் பயந்து மறைக்கக் கூடாது. டாக்டருக்கு அந்த ஒரு வார்த்தைதான் முக்கியம்.

தப்புத் தகவல்

தகவல் இல்லாதது ஒரு ஆபத்து. தப்புத் தகவல் அதைவிட ஆபத்து. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, கள்ளச்சாராயம் காரணம் அல்ல என்று அன்றைய மாவட்ட நிர்வாகம் சொன்னது. கடைசியில் பலி 60-ஐத் தாண்டியது. முதல் நாளே தண்டோரா போட்டிருந்தால் எத்தனை பேர் முன்னதாக ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார்கள்?

கிட்டத்து வாசலா? சரியான வாசலா?

எல்லாவற்றுக்கும் பெரிய ஆஸ்பத்திரிதானா? அதுவும் இல்லை.

நெஞ்சு வலிக்குக் கிட்டத்து வாசலை விட்டு விடக் கூடாது. 2023-ல் தமிழக அரசு கொண்டு வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. ரத்தக் கட்டியைத் தடுக்கும் அந்த மாத்திரையை அங்கே போட்டுக் கொண்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் திட்டமே.

வயல் வரப்பில் பாம்பு கடித்தாலும் மந்திரிக்கப் போகாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் கேட்கும். ஆனால் வலையில் சிக்கும் கடல் பாம்புக்கு அந்த ஊசி கேட்காது! மூச்சுக் கருவியும் டயாலிசிசும் உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். கடலுக்குப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ரோட்டில் அடிபட்டால்?

இந்த ரோட்டில் வண்டி பறக்கிற வேகம் எல்லோருக்கும் தெரியும். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கப் போனால் "பணம் யார் கட்டுவது?" என்ற பயம். அந்தப் பயம் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு பணம் தருகிறது. வெளி மாநிலத்துக்காரர் என்றாலும் உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில்தான். பக்கத்தில் எது சேர்ந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

108-க்குப் போன் போடும்போதும் கவனம் தேவை. எல்லை ஓரம் என்பதால் "தமிழ்நாடு, மரக்காணம் பக்கம், அனுமந்தை" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு கோவில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் என்று அடையாளம். உப்பளப் பாத்திக்குள் வண்டி வராது. ரோட்டோரத்தில் ஒருவரை நிறுத்துங்கள்.

சட்டமே சொல்கிறது

இதையெல்லாம் பேப்பரில் படித்தா மக்கள் தெரிந்து கொள்ள வேண்டும்? 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம், 4-வது பிரிவைப் பாருங்கள். யாரும் மனு போடாமலே அரசு அலுவலகங்கள் தங்கள் சேவை விவரங்களை வெளியிட வேண்டும், அதுவும் உள்ளூர் மொழியில் என்கிறது. அறிவிப்புப் பலகையையும் அதற்கு ஒரு வழியாகச் சட்டம் சொல்கிறது.

ரேஷன் கடை வாசலில் ஒரு பலகை. பஸ் நிறுத்தத்தில் ஒன்று. மீனவர் குப்பத்தில் ஒன்று. டாக்டர் எத்தனை மணி வரை இருப்பார், ராத்திரியில் நர்சு உண்டா, பாம்புக்கடி ஊசியும் நாய்க்கடி ஊசியும் எங்கே, டயாலிசிஸ் எங்கே, 48 மணி நேரத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எது, காப்பீட்டு அட்டை எங்கே செல்லும்? பத்தே வரி போதும். மாதா மாதம் சரி பார்த்து எழுதினால் போதும்.

பலகைக்கு ஆகும் செலவு ஒரு தகரமும் ஒரு டப்பா பெயிண்டும். கோடிக் கணக்கில் திட்டம் போட்ட அரசுக்கு இது பெரிய காசல்ல.

வருஷத்துக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. ரோடு, விளக்கு, தண்ணீர் என்று கேட்கிறோம். "எங்க ஊருக்கு ஆஸ்பத்திரிப் பலகை வேணும்" என்று தீர்மானம் போடச் சொல்லி அடுத்த கூட்டத்தில் முதலில் கை தூக்கப் போவது யார்?